பழுது என்று எழுதியிருந்த கதவு

அவர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். வயிற்றைத்தான் பார்ப்பார். லிஃப்ட் திறந்து நாம் வெளியே வந்தால், கையில் மாப்புக் கட்டையோடு சுவரோரம் நிற்கும் அவருடைய கண் நம் தொப்புளுக்கு நேரே வந்து நிற்கும். அங்கேயே கொஞ்சம் தங்கும். அதற்குப் பிறகுதான் "வாம்மா" என்பார். மேனேஜராக இருந்தாலும் சரி, கூரியர் கொண்டுவருகிறவராக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் அதே பார்வைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே துப்பட்டாவை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோயை டாக்டர் எழுதிவைத்திருப்பார். அதைப் படித்து, அந்த நோய்க்கு என்ன எண்ணோ அதைப் போட வேண்டும். அவ்வளவுதான். நோயாளியை யாரும் பார்க்கப் போவதில்லை. வயிற்றைப் பார்க்கும் அந்த அம்மா அதே மாடியில் பெண்கள் கழிப்பறையைக் கழுவுகிறவர். வயது ஐம்பது இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். அவ்வளவு ஒல்லியான உடம்பில் வயதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வருடம் தினமும் பார்த்தேன், பெயரைக் கேட்கவில்லை. அக்கா என்றால் திரும்பினார், அது போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் முதலில் உறுத்துவது அதுதான்.

அலுவலகத்தில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் ஒரு பயம். எங்கள் டீம் லீடரைக் காட்டி ஒருநாள் என்னிடம், "அந்தப் பொண்ணு மஞ்சளா போய்க்கினு கீது, இன்னான்னு பாக்கச் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. பத்து நாளில் அவளுக்கு மஞ்சள் காமாலை என்று லீவு வந்தது. இன்னொருத்தி கர்ப்பம் என்பது அவளுக்கே தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்திருந்தது. கழிப்பறையைக் கழுவுகிறவருக்கு இதெல்லாம் தெரிவதில் என்ன மாயம் இருக்கிறது? ஆனால் அதை யார் யோசித்தார்கள். அந்தம்மா பார்த்தால் வியாதி வரும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். நானும் கூடச் சேர்ந்து பேசினேன். என் வாய்க்கு எப்போதும் பூட்டு கிடையாது.

என் கதை வேறு. ஒரு வருடமாகவே வயிறு சரியில்லை. காலையில் பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறினால் அம்பத்தூர் வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. அதனால் காலை டிபனை விட்டேன். பிறகு காபியை விட்டேன். எட்டு கிலோ இறங்கியது. வாயெல்லாம் புண். உள்ளூர் டாக்டர் கேஸ் என்றார், அம்மா உடம்புச் சூடு என்றாள், நான் கேன்டீன் சாம்பார் என்றேன். மூன்று பேருக்கும் அவரவர் பதில் திருப்தியாக இருந்தது.

ஒருநாள் கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் அவர் டம்ளரோடு நிற்கிறார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர்.

"இன்னா கண்ணு, வயிறு பேசுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"பேசுது. எனுக்குக் கேக்குதே."

குடித்தேன். குடிக்காமல் போயிருந்தால் வாசலிலேயே மயங்கியிருப்பேன் என்பதால் குடித்தேன். அன்றிலிருந்து ஒரு விஷயம் நடக்க ஆரம்பித்தது. நான் வேலையில் மூழ்கியிருப்பேன், வயிற்றில் ஒன்றும் இருக்காது. தற்செயலாக நிமிர்ந்தால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நிற்பார், என் வயிற்றைப் பார்த்தபடி. ஐந்து நிமிஷம் ஆகாது, வலது பக்கம் கீழே முறுக்கிப் பிழியும். எழுந்து ஓடினால் கடைசிக் கதவு திறந்திருக்கும், தரை துடைத்திருக்கும், பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கும். வலி முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறது என்று தோன்றும். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கதவில் மூன்று தட்டு கேட்கும். விரல் நுனியால், மெதுவாக. இருக்கியா என்று அர்த்தம். நானும் உள்ளேயிருந்து மூன்று தட்டுத் தட்ட வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தத் தட்டு கேட்காவிட்டால் பயமாக இருந்தது.

அந்தக் கடைசிக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் ஐந்து கதவுகள். ஐந்தாவதில் 'பழுது' என்று சிவப்பில் எழுதிய ஒரு பிளாஸ்டிக் பலகை எப்போதும் தொங்கும். நான் சேர்ந்த நாளிலிருந்து தொங்குகிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. டம்ளர் கொடுத்த மறுநாள்தான் என்னைக் கூட்டிப்போய்ப் பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது, ஃப்ளஷ் வேலை செய்தது.

"இதுல இன்னாக்கா பழுது?" என்றேன். எனக்கும் அவர் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு மண்ணும் இல்ல. நான்தான் மாட்டிக்கீறேன். மத்ததெல்லாம் ஆளு இருக்கும், நமக்கு நிக்க முடியாது. இது எப்பவும் காலியா இருக்கணும். எனுக்கு, அப்புறம் உனுக்கு."

நமக்கு என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவரும் நானும் எப்படி நமக்கு ஆவோம் என்று உள்ளுக்குள் கோபம் வந்தது. ஆனாலும் அந்தக் கதவைத்தான் பயன்படுத்தினேன்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். சேக்காட்டில் ஏதோ ஒரு சந்தில் ஊடு. முன்னால் ஏற்றுமதித் துணி கம்பெனியில் டெய்லராக இருந்தவர். "மெஷின விட்டு எந்திரிச்சா சூப்பர்வைசரு வாச்சிய பாப்பான். ஒரு நாளைக்கு பதினஞ்சு வாட்டி எந்திரிக்கிறவளை எவன் வெச்சுப்பான்? இந்த வேலைல அந்தப் பேச்சே இல்ல. உள்ள போனா வேலை பாக்குறான்னு நெனைச்சுக்குவாங்க. கதவு என் கையில கீது, அது போதும்." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு நாள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஆஸ்பத்திரிக் காகிதம். "இதுல இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படி" என்றார்.

படித்தேன். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத் தைத்திருக்கிறார்கள். நோயின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அட, குரோன்ஸ் நோய். இது எங்க கே-ஐம்பதுக்கா. தினம் இருபது முப்பது போடுவேன்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"குரோன்ஸ்."

"இன்னொரு வாட்டி."

மூன்று தடவை சொல்ல வைத்தார். அப்புறம் புடவையைக் கொஞ்சம் விலக்கித் தழும்பைக் காட்டினார். தொப்புளைச் சுற்றிக்கொண்டு நேராகக் கீழே இறங்கியது. "ஒம்போது மாசம் டிபின்னு சொல்லி மாத்திரை துன்னேன். டிபியே இல்ல. இது வந்தா போவாது கண்ணு. ஆனா கூட வெச்சுக்கினு வாழலாம். பேரு தெரியாமதான் வாழ முடியாது. மறந்துடாத, ஒரு நாள் உன்னக் கேப்பாங்க" என்றார். யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டினேன் என்ற பெருமையோடு சீட்டுக்குப் போய், அன்றைக்கும் நாலைந்து கே-ஐம்பது போட்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியை விடப் பெரிது. லேத் மெஷினுக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. பூசணிக்காய் உடைத்த சிவப்பில் ரோடெல்லாம் வழுக்கும். அன்று கழிப்பறைக்குப் போனேன். மாப்பு, பக்கெட், பிரஷ் எல்லாவற்றுக்கும் அவர் பொட்டு வைத்திருந்தார். கடைசிக் கதவின் தாழ்ப்பாளுக்கு மட்டும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். அந்தக் குங்குமம் ஈரமாக என் விரலில் ஒட்டியது.

வெளியே அவர் ஒரு சின்ன டிபன் பாக்ஸோடு நின்றார். வடிகட்டிய கஞ்சி. "இத்த குடி. பொரி, சுண்டலு கிட்ட போவாத. உனுக்கு உள்ள வழி சின்னதாயிக்கினு வருது. அடைச்சுக்கும்" என்றார். கஞ்சியைக் குடித்தேன். அப்புறம் பூஜை நடந்த இடத்துக்குப் போய், எல்லோரும் சாப்பிடுகிறார்களே என்று ஒரு தட்டு கொண்டைக்கடலைச் சுண்டலையும் பொரியையும் சாப்பிட்டேன். நான் அப்படித்தான். வேண்டாம் என்று சொன்னால் கை தானாக அதற்குத்தான் போகும்.

மறுநாள் முழுக்க வாந்தி. வயிறு பந்தாக வீங்கிவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சுண்டலைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினாள். கஞ்சியைச் சொன்னதும் நிமிர்ந்தாள். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"ஏட்டி, எவ கொடுத்தா?"

சொன்னேன். வயிற்றைப் பார்ப்பதைச் சொன்னேன், பார்த்தால் வலி வருவதைச் சொன்னேன், தாழ்ப்பாளில் குங்குமம் இருந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே வேறு கதையாகத் தெரிய ஆரம்பித்தது. அம்மா எழுந்து சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். "மருந்து வச்சுட்டாட்டி அவ" என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்து, அது வயிற்றிலேயே தங்கி ஆளை உருக்கிவிடும் என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்களும் உண்டு. குத்தம்பாக்கம் தாண்டி அப்படி ஒருவர் இருப்பதாக அம்மா அரை நாளில் கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டோவில் போனோம். தகரக் கூரை போட்ட அறை, வெளியே பத்துப் பதினைந்து பேர். அந்த மனிதர் என் வயிற்றில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சினார். பிறகு வெற்றிலையில் துப்பிக் காட்டினார். கறுப்பாக, முடி சுற்றிய ஒரு உருண்டை. "பொம்பள. தினமும் பாக்குறவ" என்றார். தினமும் என்னைப் பார்க்காத பொம்பளை யார் இருக்கிறார்கள்? அம்மாகூடத்தான் பார்க்கிறாள். ஆனால் எனக்கு அப்போது அவருடைய கண்தான் ஞாபகம் வந்தது. நாளெல்லாம் நோய்க்கு எண் போடுகிறவள், மூன்று தடவை அந்தப் பெயரை வாயால் சொன்னவள், அந்த உருண்டையை நம்பினேன். ரெண்டு நாள் பட்டினி கிடந்ததில் வீக்கம் குறைந்ததும் நம்பிக்கை இன்னும் உறுதியாகிவிட்டது.

திங்கட்கிழமை ஹெச்.ஆருக்குப் புகார் எழுதினேன். மருந்து வைத்தார் என்று எழுத முடியுமா? எனவே, ஒரு கழிப்பறையைப் பழுது என்று பொய் சொல்லித் தனக்காக வைத்துக்கொள்கிறார், தாழ்ப்பாளில் எதையோ பூசுகிறார், பெண்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அந்தக் கடிதத்தின் அயோக்கியத்தனம்.

வெள்ளிக்கிழமை அவரை மாற்றிவிட்டார்கள். போகும் முன் என் சீட்டுக்கு வந்தார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"வலது பக்கம், கீழ. அத வுட்டுடாத கண்ணு" என்றார். போய்விட்டார்.

புதிதாக வந்த பெண் சுறுசுறுப்பானவள். முதல் வேலையாகப் பலகையைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டாள். அடுத்த வாரம் ஒருநாள், உள்ளே நான் மட்டும் இருந்தபோது கதவில் மூன்று தட்டு கேட்டது. விரல் நுனியால், மெதுவாக. பழக்கத்தில் நானும் தட்டினேன். பிறகுதான் உறைத்தது. கதவைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை. தரை அப்போதுதான் துடைத்த ஈரத்தில் இருந்தது, அதில் ஒரு காலடியும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு வயிறு பிழிந்தது. ஓடினேன். ஐந்து கதவும் சாத்தியிருந்தது. ஐந்தாவது கதவைத் தட்டினேன். "இருங்க, ஒரு நிமிஷம்" என்றது ஒரு குரல். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் புதுப் பெண் பக்கெட்டோடு வந்து, எதுவும் கேட்காமல் தரையில் தண்ணீர் ஊற்றினாள். அவளுடைய பழைய சுடிதார் பேன்ட்டைக் கொடுத்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில்தான் முதலில் அழுதேன். அப்புறம் வேறு காரணத்துக்காக அழுதேன்.

அதே மாதத்தில் குடல் முழுசாக அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்தார்கள். டிபி இல்லை என்று உறுதி செய்ய நாள் பிடித்தது. கடைசியில் டாக்டர் ஸ்கேன் படத்தில் பேனாவை வைத்துக் காட்டினார். வலது பக்கம், கீழே. சிறுகுடல் முடியும் இடத்தில் வழி ஒரு பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அது யாரும் கொடுத்து வருவதில்லை, உடம்பே தன் குடலைத் தாக்குகிறது, முழுசாகக் குணமாகாது, ஆனால் மருந்தில் அடக்கி வைக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "குரோன்ஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

என் வாயில் மூன்று தடவை அது வந்தது. டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். படிக்கத் தெரியாமலா அவர் என்னைப் படிக்கச் சொன்னார்? துணி கம்பெனியில் அளவுச் சீட்டைப் படித்துத் தைத்தவர், வருஷக் கணக்காக அந்தக் காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர், அவருக்கா அந்தப் பெயர் தெரியாது? என்னைச் சொல்ல வைப்பதற்காகவே கொண்டுவந்திருக்கிறார்.

எழுந்து நடமாட முடிந்ததும் தேடிப் போனேன். ஹவுஸ் கீப்பிங் ஏஜென்சி சூப்பர்வைசருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. பெயர் சொல்லாமல் எப்படித் தேடுவது? வயிற்றைப் பார்க்கிற அக்கா என்றேன். "ஓ, அதுவா" என்றார். "வேற எடத்துல வெளிய ரோடு பெருக்குற வேலை குடுத்தோம் மேடம். உள்ள வேலை இல்ல. ரெண்டு நாள் வந்துச்சு. மூணாவது நாள் வரல." ஏன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரோட்டில் கதவு ஏது? சேக்காட்டில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை சந்து சந்தாக அலைந்தேன். ஒரு வீட்டில் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது அவர் வீடுதானா என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை.

இப்போது ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. தினமும் மாத்திரை. கீரைத் தண்டு, கடலை, சோளம் கிட்டே போவதில்லை. பட்டாபிராமில் ஏறும்போது ஒரு மாற்று உடுப்பு பையில் இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மா அந்த உருண்டையைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து பலகையைத் தேடி எடுத்துக் கடைசிக் கதவில் மாட்டிவிட்டேன். சுத்தம் செய்யும் பெண்ணுக்கு விஷயம் தெரியும், கேட்பதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் டிரெயினியாக ஒரு பெண் சேர்ந்தாள். ஒருநாள் லிஃப்ட் திறந்து அவள் வெளியே வரும்போது, நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் துப்பட்டாவை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் சீட்டிலிருந்து எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் வலது பக்கம் லேசாக இழுக்கிறது. எத்தனையோ தடவை சரிபார்த்துவிட்டேன், தவறுவதில்லை. டாக்டரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? ஒருநாள் கஞ்சி கொண்டுபோனேன். "அம்மா வெளியில சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா" என்று ரெண்டடி பின்னால் போனாள். அவள் உள்ளே இருந்த ஒருநாள் என் விரல் கதவில் மூன்று தடவை தட்டிவிட்டது. உள்ளே சத்தமே இல்லை, மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

இந்த ஆயுத பூஜைக்கு நான் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கவில்லை. கடைசிக் கதவின் தாழ்ப்பாளுக்கு வைத்தேன். சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். திரும்பினால் வாசலில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

நேற்று ஹெச்.ஆரிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. ஒரு கழிப்பறையைப் பழுது என்று சொல்லி வைத்திருப்பதாகவும், தாழ்ப்பாளில் எதையோ பூசுவதாகவும், பெண்கள் பயப்படுவதாகவும் புகார். விளக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் இல்லை. படித்ததும் அவள் மேல் கோபம் வரவில்லை, எனக்கே ஆச்சரியம்தான். அக்கா, அன்றைக்கு உங்களுக்கும் என் மேல் கோபம் வரவில்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்கு ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.

விளக்கம் எழுத வேண்டும். என் நோயின் பெயரையும் எழுதப் போகிறேன், மூன்று தடவை எழுத வேண்டியிருந்தாலும் சரி. பலகையை மட்டும் கழற்றப் போவதில்லை. அவளுக்கும் வலது பக்கம்தான், கீழே. அவள் ஓடி வரும் அன்று அந்தக் கதவு காலியாக இருக்க வேண்டும்.